எந்த லெஃப்டு

இடது பக்கக் கண்ணாடி.
மூன்றே சொல்.
ரெண்டாயிரத்தாறு மாடல் வேகன்-ஆர், வெள்ளை என்று
இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.
போட்டோவும் அனுப்பினேன்:
ஹென்னூர் மெயின் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி
பிய்த்துக்கொண்டு போன இடத்தில்
ஒயர் மட்டும் தொங்குகிற படம்.

நீல டிக் இரண்டு விழுந்தது.
மூன்று நாள் கழித்து ஒரு கட்டைவிரல்.

சிவாஜிநகர் குஜிரிச் சந்துக்குள் காரை விட முடியாது.
சர்ச் பக்கம் நிறுத்திவிட்டு
வழியில் கிடந்த கியர்பாக்ஸ்களை மிதிக்காமல்
மழைத் தண்ணீரில் மிதந்த ஆயிலைத் தாண்டித் தாண்டிப் போனேன்.
தஸ்தகீர் தலை நிமிரவில்லை.
காதில் வெள்ளைக் குமிழ்.
என்னோடு பேசுகிறானா வேறு யாரோடுமா என்று தெரியாமல்
இரண்டு முறை பதில் சொல்லிவிட்டேன்.
பேப்பரில் சுற்றி ஒன்றைத் தள்ளினான்.
அறுநூற்றைம்பது.
"பிரிச்சுப் பாக்கலாமா?"
"பிரிச்சா எடுத்த மாதிரி."

ஸ்கேன் செய்தேன்.
மேஜை மேலிருந்த சின்னப் பெட்டி
கன்னடத்தில் தொகையைச் சொல்லி
தன்யவாதகளு என்றது.
அந்தக் கடையில் இப்போது
நன்றி சொல்வது அது ஒன்றுதான்.

லிங்கராஜபுரத்தில் மெக்கானிக் முனிரத்னம்
பிரித்துப் பார்த்துச் சிரித்தான்.
வலது.

இதே கடையில்தான் எட்டு வருஷம் முன்னால்
பாபாஜான் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:
"லெஃப்டுன்னா எந்த லெஃப்டு?
உள்ள உக்காந்து சொல்றியா,
வெளிய நின்னு சொல்றியா?"
அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது,
இடது கை தெரியாதவனா நான் என்று.
அவர் ஒன்றும் மகான் இல்லை.
அவர் தலையில் கட்டிய டைனமோ இருபதே நாளில் செத்தது.
என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்,
திட்டிக்கொண்டே வேறு மாற்றிக் கொடுத்தார்.
இத்தனை நாள் நான் காசு கொடுத்தது
அந்த ஒரு கேள்விக்குத்தான் போல.

திரும்பப் போனேன்.
பாபாஜான் கடையிலேயேதான் இருந்தார்,
உள்ளே, ஏதோ காரின் பின்சீட்டில்,
முழங்காலில் கட்டோடு.
என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.
தஸ்தகீர் சுவரைக் காட்டினான்.
நோ ரிட்டர்ன்
நோ எக்ஸ்சேஞ்ச்
நோ ஆர்க்யூமென்ட்.
மூன்றாவதை யாரோ பிற்பாடு பேனாவில் சேர்த்திருந்தார்கள்.
பாபாஜான் வாயை மூடிக்கொண்டார்.
அறுநூற்றைம்பதைவிட அதுதான் வலித்தது.

நான் மாவு போடுகிறவன்.
இட்லி மாவு, ஒரு கிலோ பாக்கெட், நாற்பது கடை.
மறுநாள் காலை ஐந்தரைக்கு
கம்மனஹள்ளி ஷகுந்தலா மேடம்
புளித்து உப்பிய பாக்கெட்டை நீட்டினார்.
ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பது வழக்கம்.
"தேதி பாத்து வாங்கணும் மேடம்" என்றது
என் வாய்.
நல்லவேளை, என் காதில் குமிழ் இல்லை.
நான் சொன்னது எனக்கே கேட்டுவிட்டது.
மூன்று பாக்கெட் கொடுத்தேன்.
எதற்கு மூன்று என்று அவருக்கும் புரியவில்லை,
கேட்டால் சொல்ல எனக்கும் வரவில்லை.

வலது கண்ணாடி வீட்டில் கிடக்கிறது.
ஓரத்தில் யாரோ ஒருத்தி
சிக்னலில் நின்றபோது ஒட்டிவிட்டுப் போன மெரூன் பொட்டு.
பெயர்க்க மனமில்லை.
பாத்ரூம் ஜன்னலில் சாய்த்து ஷேவ் செய்கிறேன்.
புடைத்த கண்ணாடி.
என் முகம் சின்னதாக, எங்கோ தள்ளி,
கவுன்டருக்கு வெளியே நிற்கிறவன் முகமாகத் தெரிகிறது.

காரில் இடது பக்கம் இன்னும் ஒயர்தான்.
அந்தப் பக்கம் வருகிற ஸ்கூட்டிகள்
அவரவர் ஹார்னை நம்பி வருகிறார்கள்.